எம்.பி.யின் கணக்கை எப்படிப் படிப்பது? இடுக்கி மலைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்தாலோ தேர்தல் நெருங்கினாலோ, மூணாறு, வண்டிப்பெரியார், நெடுங்கண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அட்டைப்படம் சுற்றத் தொடங்கும். மேலே எம்.பி.யின் முகம். கீழே நான்கு எண்கள்: வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பேசிய விவாதங்கள் இத்தனை, கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் இத்தனை. வேண்டியவர்கள் பெருமையாக அனுப்புவார்கள். வேண்டாதவர்கள் அதே படத்தில் குறைந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்கள். நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. 400 கேள்வி கேட்டார் என்கிறார்கள், நம் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) கூரை இன்னும் ஒழுகுகிறதே, இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. ஆனால் அது அந்த எண்களில் இல்லை. எம்.பி. என்ன கேட்டார், அதைக் கேட்க வேண்டிய வாசலில்தான் கேட்டாரா, வந்த பதிலை விடாமல் பின்தொடர்ந்தாரா என்பதில் இருக்கிறது. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், எல்லாம் பொதுப் பதிவேட்டில் கிடக்கிறது. எப்படிப் படிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

1. அந்த நான்கு எண்கள்

வருகை. உறுப்பினர்கள் அவைக்கு வரும்போது தங்கள் வருகையைப் பதிவு செய்கிறார்கள். தினப்படி வாங்க அந்தப் பதிவு வேண்டும். ஆகவே இந்த எண் சொல்வது, அன்று அவர் வந்தார் என்பதை மட்டும். பத்து நிமிடம் உட்கார்ந்தாரா, இரவு வரை இருந்தாரா என்பது அதில் தெரியாது. அமைச்சர்களும் சபாநாயகரும் இப்படி வருகையைப் பதிவு செய்வதில்லை. அதனால் அவர்களுக்கு எதிரே இந்த இடம் காலியாக இருந்தால், வரவில்லை என்று அர்த்தமில்லை. இன்னொரு பக்கம், அனுமதி பெறாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால் அந்த இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 101-ஆவது பிரிவு.

கேள்விகள். மக்களவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலில் வரும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் அதிலிருந்து துணைக்கேள்வி கேட்கலாம். நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில் வரும், அத்தோடு முடிந்தது. யாருடைய கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. ஒரே மாதிரிக் கேள்வியைப் பல உறுப்பினர்கள் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள், கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஒன்று ஏறும். ஆகவே 400 என்ற எண்ணில் தொகுதிக்காகக் கேட்டது எத்தனை, பத்துப் பேரோடு சேர்ந்து எழுதிய பொதுக் கேள்வி எத்தனை என்று பிரித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

விவாதங்கள். அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் ஓரிரு நிமிடம் பேசியதும், தொகுதிக் குறைகளைச் சொல்ல இடம் தரும் விதி 377-இன் கீழ் எழுதிக் கொடுத்ததும், ஒரு மசோதாவைப் பிரித்து மேய்ந்து அரை மணி நேரம் வாதாடியதும் இந்தக் கணக்கில் தலா ஒன்றுதான். எண் பெரிதாக இருந்தால், அவற்றில் பூஜ்ய நேரம் எத்தனை என்று முதலில் பாருங்கள்.

தனிநபர் மசோதா. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா இது. சுதந்திரத்துக்குப் பிறகு இப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். அப்படியென்றால் கொண்டுவருவதே வீண் வேலையா? இல்லை. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல் முறை. அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதன் பிறகு ஒன்றிய அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று, 2019-இல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் சிவா கேட்ட அளவுக்கு இல்லை என்ற குறை திருநர்களிடம் இன்றும் உண்டு. இருந்தாலும் அரசை அந்தப் பேச்சுக்கு இழுத்து வந்தது அந்தத் தனிநபர் மசோதாதான். இந்த வகைக் கணக்கில் பார்க்க வேண்டியது அப்படிப்பட்ட அழுத்தத்தை.

இந்த நான்கிலும் வராதவை இன்னும் முக்கியமானவை. துறைவாரி நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மசோதாவின் ஒவ்வொரு வரியையும் அதிகாரிகளை முன்னால் உட்காரவைத்துக் கேட்கும் இடம் அது, ஆனால் கதவு சாத்திய கூட்டம். வாக்கெடுப்பும் அப்படித்தான். பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பில் முடிவதால் யார் எப்பக்கம் என்று பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. பதிவானாலும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். அதனால் அந்த வாக்கை அவருடைய சொந்த முடிவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

2. எது எந்த வாசல்?

மக்களவையில் கேட்கும் கேள்வி ஒன்றிய அரசின் பொறுப்புக்குள் வர வேண்டும் என்பது விதி. மாநிலத்தின் வேலையைப் பற்றிக் கேட்டால் கேள்வி தள்ளுபடியாகும். அல்லது "இது மாநில அரசைச் சார்ந்தது" என்று ஒரு வரிப் பதில் வரும். மலைத் தமிழர்களின் குறைகளில் எது டெல்லி, எது திருவனந்தபுரம் என்று தெரியாமல் எம்.பி.யைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

(அ) கூலி. 2015 செப்டம்பரில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அந்த எழுச்சிக்குப் பெயரே வந்தது. 20 சதவீத போனஸ், 500 ரூபாய் நாள்கூலி என்பது கோரிக்கை. அன்றைய கூலி 232 ரூபாய். போனஸ் விஷயத்தில் ஜெயித்தார்கள், அக்டோபரில் தேயிலைத் தொழிலாளியின் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. இந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் கேரள அரசின் தோட்டத் தொழிலாளர் குழுவில் நடந்தது. முதலாளிகள், சங்கங்கள், மாநில அரசு என்ற மூன்று தரப்பு அங்கே உட்காரும். எம்.பி. அதில் தரப்பு இல்லை. கூலிக்காக எம்.பி.யை மட்டும் நெருக்குவது பாதி வழியில் இறங்கிக்கொள்வது போல.

(ஆ) லயம். தொழிலாளிக்குக் குடியிருப்பு கொடுப்பது முதலாளியின் கடமை என்று சொன்னது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அது நாடாளுமன்றம் இயற்றியது. இப்போது அது 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் டெல்லியுடையது, தோட்டத்துக்கு வந்து லயத்தைச் சோதிக்க வேண்டிய ஆய்வாளர் மாநிலத் தொழிலாளர் துறையுடையவர். இரண்டு பக்கமும் கை இருப்பதால் இரண்டு பக்கமும் கை கழுவ வசதியாகிவிடுகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. கணக்கில் 70 உயிர்கள். பெரும்பாலானோர் தமிழர்கள், தலைமுறைகளாக அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்கள். லயம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது, மேலே என்ன சரிவு இருக்கிறது என்பதை யார் சோதிக்க வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. இதைச் சட்டசபையிலும் கேட்கலாம், மக்களவையிலும் கேட்கலாம். எங்கே கேட்டாலும் மற்றவரைக் கைகாட்ட முடியாதபடி கேட்க வேண்டும்.

(இ) பி.எஃப்., பென்ஷன். இது முழுக்க டெல்லி வாசல். வருங்கால வைப்பு நிதி அமைப்பு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பீருமேட்டுப் பக்கம் 2000-ஐ ஒட்டித் தோட்டங்கள் பூட்டப்பட்டபோது, தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கட்டப்படாமல் நின்றது பெரிய புண். பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது 2014 செப்டம்பரில். ஆயுள் முழுக்கக் கூடை சுமந்தவருக்கு 1,000 ரூபாய் போதுமா என்பதை மக்களவையில் நேராகக் கேட்கலாம், மாநிலத்தைக் காட்டி அமைச்சர் தப்ப முடியாது. என் கருத்தில் ஓர் இடுக்கி எம்.பி.யின் பதிவேட்டில் முதலில் தேட வேண்டிய சொல் இதுதான்.

(ஈ) தேயிலை விலை, ஏலக்காய் விலை. தேயிலை வாரியம் 1953 சட்டத்தாலும், நறுமணப் பொருள் வாரியம் 1986 சட்டத்தாலும் வந்தவை, இரண்டும் ஒன்றிய வர்த்தக அமைச்சகத்தின் கீழ். ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் தமிழ்நாட்டுப் பக்கம் போடியிலும் கேரளப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வாரியம், ஒரே அமைச்சர்.

(உ) பட்டயம், அதாவது நில உரிமைப் பத்திரம். நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது காட்டு நிலம் என்று எழுதப்பட்டிருந்தால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி டெல்லியின் அனுமதியும் வேண்டும். பட்டயம் வாங்கித் தருவேன் என்று எம்.பி. வேட்பாளர் சொன்னால், எந்தப் பகுதியை, எந்த அமைச்சகம் வழியாக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

(ஊ) சாதிச் சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி என்ற தகுதி மாநில வாரியாகத் தரப்படுகிறது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை அதற்கு அடிப்படை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவருக்கு, போன இடத்தில் அந்தத் தகுதி தானாகத் தொடராது. அதனால் மலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், தாத்தா எந்த வருடம் வந்தார் என்பதற்குக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது. தனித்தொகுதியான தேவிகுளத்தில் 2021-இல் வென்று, கேரளச் சட்டசபையில் தமிழில் பதவியேற்ற ஏ.ராஜாவின் தேர்தலையே இந்தக் கேள்வி உலுக்கியது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றி செல்லாது என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எம்.எல்.ஏ.வுக்கே இத்தனை பாடு என்றால், வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கதி? ஆணையில் உள்ள பட்டியலை மாற்றும் அதிகாரம் 341-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சான்றிதழ் கொடுக்கும் கை மாநிலத்தினுடையது.

(எ) தமிழ் வழிப் பள்ளி, தமிழில் மனு. சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், அதே மொழியில் பதில் வர வேண்டும் என்றது 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது சாசனத்தின் 350ஏ பிரிவு. மொழிச் சிறுபான்மையினருக்காக ஒரு தனி அலுவலர் வேண்டும் என்கிறது 350பி. அந்த அலுவலரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அறிக்கையில் இடுக்கியைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்க எம்.பி.க்கு முழு உரிமை உண்டு.

3. 350ஏ எப்படி வந்தது: நேசமணி காலத்துப் பாடம்

இந்த இரண்டு பிரிவுகளும் 1956-இல் ஏழாவது திருத்தத்தில் சேர்ந்தவை. அந்த வருடத்தோடு இந்த மலைக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது.

1952-இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனவர் மார்ஷல் நேசமணி. திருவிதாங்கூர்-கொச்சியில் தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சியின் ஒரே பெரிய கோரிக்கை. அதில் தேவிகுளமும் பீருமேடும் இருந்தன. 1954-இல் இந்த மலைத் தமிழர்களுக்காக நடந்த போராட்டத்தில் நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பஸல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களோடு செங்கோட்டையையும் சென்னைக்குத் தரலாம் என்றது. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மை என்றாலும், அவர்கள் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள் என்ற வாதத்தையும் அந்த மலை மாநிலப் பொருளாதாரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் ஆணையம் எடுத்துக்கொண்டது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. மலை கேரளத்தோடு நின்றது.

ஒரு எம்.பி.யின் வாதாட்டம் பாதி பலித்து பாதி பலிக்காமல் போனதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. பலித்த பாதியில் தெருப் போராட்டம், ஆணையத்தின் முன் வைத்த கணக்கு, அவையில் பேச்சு என்ற மூன்றும் சேர்ந்திருந்தன. பலிக்காத பாதியில், "வந்து போகிறவர்கள்" என்ற ஒரு சொல் மலைத் தமிழர் மேல் ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன சாதிச் சான்றிதழ்ச் சிக்கலில் இன்றும் கேட்கப்படுவது அதே கேள்வி: நீ எப்போது வந்தாய்? எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டவர்களுக்கு ஈடாகக் கிடைத்த காப்பு 350ஏ-யும் 350பி-யும். அதைக் கேட்டு வாங்குவது சலுகை கேட்பதாகாது, 1956-இல் போட்ட கணக்கின் பாக்கியை வசூலிப்பது.

4. அட்டையில் ஏறாத நிலைப்பாடு: பி.டி.தாமஸ்

2009-இல் இடுக்கியில் வென்ற காங்கிரஸ் எம்.பி. பி.டி.தாமஸ். அவர் பதவியில் இருந்தபோது, 2011 ஆகஸ்டில் மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அறிக்கையைக் கொடுத்தது. 2013 ஏப்ரலில் கஸ்தூரிரங்கன் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. இரண்டும் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வேலை. இந்த அறிக்கைகள் பரிந்துரைத்தபடி, 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பகுதியைச் சூழல் கூருணர்வுப் பகுதி என அறிவித்தால், அங்கே குவாரி, சுரங்கம், பெரிய கட்டுமானம் போன்றவற்றுக்குத் தடையோ கட்டுப்பாடோ வரும். ஊரைக் காலி செய்யச் சொல்வார்கள், பட்டயம் கிடைக்காது, விவசாயமே செய்ய முடியாது என்றெல்லாம் பயம் பரவியது. 2013 நவம்பரில் மலை முழுவதும் கடையடைப்பும் கலவரமும் நடந்தன.

தாமஸ் காட்கில் அறிக்கையை ஆதரித்தார். சொந்தக் கட்சியிலும் தொகுதியில் செல்வாக்குள்ள கிறிஸ்தவ சபையிலும் எதிர்ப்பு கிளம்பியும் மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்குப் பாடை கட்டி இறுதி ஊர்வலமே நடத்தினார்கள், உயிரோடு இருக்கும்போதே. 2014-இல் கட்சி அவருக்கு இடுக்கியில் சீட்டு தரவில்லை. அந்தத் தேர்தலில், இந்த அறிக்கைகளை எதிர்த்த ஹைரேஞ்ச் பாதுகாப்பு சமிதியின் ஆதரவோடும் இடதுசாரிகளின் ஆதரவோடும் நின்ற சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார். தாமஸ் பின்னர் திருக்காக்கரையில் எம்.எல்.ஏ. ஆனார், 2021 டிசம்பரில் இறந்தார்.

அவருடைய நிலைப்பாடு சரியா தவறா என்று இன்றும் மலையில் வாதம் உண்டு. பயந்தவர்களின் பயமும் பொய்யில்லை, ஆயுள் உழைப்பைப் போட்ட நாலு ஏக்கரைப் பற்றிய பயம் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு எம்.பி. தன் பதவியைப் பணயம் வைத்து எடுத்த நிலைப்பாடு அந்த அட்டையின் நான்கு எண்களில் எங்குமே தெரியாது. அதேபோல, இந்த முழுச் சண்டையிலும் நிலமே இல்லாத தோட்டத் தொழிலாளியின் குரல் இரண்டு பக்கத்திலும் மெலிந்துதான் கேட்டது. 2018 வெள்ளத்துக்கும் பெட்டிமுடிக்கும் பிறகு காட்கில் அறிக்கையைப் பலர் தூசி தட்டி எடுத்தார்கள். மண்ணுக்குள் போனவர்கள் அந்த வாதத்தில் ஒருபோதும் கேட்கப்படாதவர்கள்.

5. ஒரே அணை, இரண்டு எம்.பி.க்கள்

இடுக்கி மக்களவைத் தொகுதியில் ஏழு சட்டசபைத் தொகுதிகள்: தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை, இடுக்கி, தொடுபுழா, மூவாற்றுப்புழை, கோதமங்கலம். மலை இறங்கினால் தேனித் தொகுதி. முல்லைப் பெரியாறு பற்றி இரண்டு எம்.பி.க்களும் ஒரே அமைச்சரிடம் கேட்பார்கள். ஒருவர் புது அணை வேண்டும் என்பார், மற்றவர் 142 அடியும் அதற்கு மேலும் நீர் வேண்டும் என்பார். பதில் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே: 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மேற்பார்வைக் குழு, 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம். எண்ணிக்கையில் இருவருக்கும் கேள்வி ஏறும், தண்ணீரில் ஒரு அங்குலம் மாறாது.

வண்டிப்பெரியாரில் அணைக்குக் கீழே லயத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கம்பத்தில் வயல் வைத்திருக்கும் சொந்தம் இருக்கும். அங்கே பயம், இங்கே பாசனம். அதேபோல், கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகத் தினமும் விடிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் இறங்கும் பெண்களுக்கு ஓட்டு தேனியில், வேலை இடுக்கியில். வழியில் ஜீப்பு கவிழ்ந்தால் யாருடைய எம்.பி. பேசுவார்? இருவரும் பேசலாம், பேச வேண்டும். மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்பு ஒன்றியச் சட்டத்துக்குள் வருவது. அணையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு எம்.பி.க்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கேள்வியை ஒரே நாளில் கேட்க எந்தத் தடையும் இல்லை. அவர்கள் பதிவேட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

6. பதிலைப் படிக்கும் முறை

கேள்வியை விடப் பதிலில்தான் சரக்கு இருக்கிறது. அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று சொன்னால் அது வாய்வார்த்தையோடு போய்விடாது. இப்படிப்பட்ட சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று 1953-இலிருந்து மக்களவையில் இயங்குகிறது. கொடுத்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஆகவே நல்ல எம்.பி.யின் அடையாளம் அடுத்த கூட்டத்தொடரில் தெரியும்: அதே விஷயத்தை, போன பதிலின் தேதியைக் குறிப்பிட்டு மறுபடி கேட்டிருப்பார்.

அமைச்சரைச் சந்தித்து மனு கொடுத்த படங்கள் பதிவேட்டில் ஏறாது. படம் வந்தால், அமைச்சரின் பதில் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

7. ஐந்து கோடி

தொகுதி மேம்பாட்டு நிதி 1993-இல் தொடங்கியது, 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். எம்.பி. பரிந்துரைப்பார், அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு 15 சதவீதமும் பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதமும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. கோவிட் காலத்தில் நடுவில் நின்றிருந்தது. லயத்தை இந்த நிதியில் செப்பனிட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். லயம் தோட்டக் கம்பெனியின் சொத்து, தனியார் நிறுவனத்தின் சொத்துக்கு இந்த நிதியைச் செலவிட முடியாது. லயத்துக்குப் போகும் பொதுச்சாலை, அங்கன்வாடி, தண்ணீர்த் திட்டம் போன்றவற்றுக்குச் செலவிடலாம்.

8. நாமே அனுப்பக்கூடியது

மக்களவைக்குப் பொதுமக்களும் மனு அனுப்பலாம், அதை ஆராய ஒரு மனுக்குழு இருக்கிறது. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பும் சேர்த்து, இரண்டிலும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இதைவிட எளிது, எம்.பி. அலுவலகத்துக்குக் கேள்வியையே எழுதிக் கொடுத்துவிடுவது. "தோட்டத் தொழிலாளர் கஷ்டம் அரசுக்குத் தெரியுமா?" என்று எழுதினால் "தெரியும், மாநில அரசு நடவடிக்கை எடுக்கும்" என்ற பதிலோடு முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

1. இடுக்கி மாவட்டத்தில் பி.எஃப். பாக்கி வைத்திருக்கும் தோட்ட நிறுவனங்கள் எத்தனை, ஒவ்வொன்றின் பாக்கித் தொகை எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து?
2. அவற்றில் எத்தனை நிறுவனங்கள் மீது வசூல் நடவடிக்கை தொடங்கியது, எவ்வளவு வசூலானது?
3. பாக்கி நிற்பதால் பென்ஷன் கிடைக்காமல் இருக்கும் தொழிலாளர் எத்தனை பேர்?

கூட்டத்தொடர் தேதி அறிவித்ததும் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குலுக்கலில் விழாவிட்டால் அடுத்த வாரத்துக்கு மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். பதில் வந்த நாளே மக்களவையின் இணையதளத்தில் ஏறிவிடும். அதை இறக்கி, தொழிலாளர் அமைச்சகம் என்ன சொல்லியிருக்கிறது என்று லயத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டுங்கள். அதில் "தகவல் திரட்டப்படுகிறது" என்று இருந்தால், அன்றைய தேதியை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அங்கிருந்து மூன்று மாதத்தை எண்ணத் தொடங்குங்கள்.